மாணவர் பதிவு மேலாண்மை மென்பொருள்

மாணவர் பதிவு மேலாண்மை மென்பொருள் என்பது ஒரு பள்ளியில் பயிலும் மற்றும் பயின்று வெளியேறிய மாணவர்களின் சேர்க்கை, வருகை, மதிப்பெண், கட்டணம், இடமாற்றம் முதலிய விவரங்களைப் பதிந்து பேணும் கணினி மென்பொருள் ஆகும். இது மாணவர் தகவல் முறைமை எனவும் அழைக்கப்படுகிறது. பாடங்களையும் பயிற்சிகளையும் இணையவழி வழங்கும் மூடுல் போன்ற கற்றல் மேலாண்மை முறைமைகள் வேறு வகையின. இரண்டும் ஒன்றெனக் கருதி மூடுலை நிறுவிவிட்டு, மாற்றுச் சான்றிதழ் அச்சிடும் வசதியை அதில் தேடும் பள்ளிகளும் உண்டு.

இம்மென்பொருளைத் தெரிவு செய்யும்போது வசதிகளின் பட்டியலையும் விலையையும் ஒப்பிடுவதே வழக்கம். ஆனால் ஒரு மாணவரின் பதிவு, அதனைத் தாங்கும் மென்பொருளைவிட நீண்ட காலம் வாழ வேண்டியது. தெரிவின் கடினமான பகுதி இதிலேயே அடங்கியுள்ளது.

பதிவேடும் தரவுத்தளமும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் என்றும், இலங்கையில் சேர்விடாப்பு, வரவு இடாப்பு, விடுகைப் பத்திரம் என்றும் வழங்கும் ஆவணங்களின் வேலையையே மென்பொருள் ஏற்கிறது. இவற்றுள் சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணமாகும். அதிலுள்ள பிறந்த நாள் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும் தேவைப்படலாம். இந்தியாவின் 2015 ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், ஒருவரது வயதை உறுதிசெய்யப் பள்ளி அளிக்கும் பிறந்த நாள் சான்றை முதன்மையான சான்றுகளுள் ஒன்றாகக் கொள்கிறது.

காகிதப் பதிவேட்டில் ஒரு பதிவைத் திருத்தினால் அடித்த கோடும் தலைமையாசிரியரின் சுருக்கொப்பமும் எஞ்சி நிற்கும். தரவுத்தளத்தில் பழைய மதிப்பு சுவடின்றி மறைந்துவிடும். எனவே யார், எப்போது, எதனை மாற்றினார் என்பதைத் தானே குறித்துவைக்கும் மாற்றக் குறிப்பேடு இல்லாத மென்பொருளை விலக்குவதே நன்று. செயல்விளக்கத்தின்போது ஒரு மதிப்பெண்ணை மாற்றச் செய்து, மாற்றியவர் யார் என மென்பொருளிடமே கேட்டால் இக்குறை வெளிப்பட்டுவிடும்.

கட்டற்ற மென்பொருள்கள்

உரிமக் கட்டணம் இல்லாமையும் மூல நிரலைத் திருத்தும் உரிமையும் கட்டற்ற மென்பொருளின் பலங்கள். எனினும் கட்டற்றது என்பதனாலேயே அது நிலைத்து நிற்கும் என எண்ணுதல் தவறு.

உபுண்டு இயக்குதளத்தின் நிறுவனரான மார்க் சட்டில்வொர்த்தின் நிதியுதவியால் வளர்ந்த ஸ்கூல்டூல் இதற்கு எடுத்துக்காட்டாகும். பைத்தான் மொழியில், சோப் என்னும் சட்டகத்தின்மீது எழுதப்பட்ட இது, குனூ பொதுமக்கள் உரிமத்தில் வெளியிடப்பட்டது. 2010களின் நடுப்பகுதிக்குப் பின் இதன் மேம்பாடு நின்றுவிட்டது. இது தரவுகளை வழக்கமான எஸ்கியூஎல் அட்டவணைகளில் சேமிக்காமல், சோப்புக்கு உரிய பொருள்வகைத் தரவுத்தளத்தில் சேமித்தது. ஆகவே அதனைப் பயன்படுத்திய பள்ளியால் பிற கருவிகளைக் கொண்டு அத்தரவை நேரடியாகப் படிக்க இயலாது. மூல நிரல் கையில் இருந்தும், அதனை அறிந்தவர் அருகில் இல்லையெனில் பயன் சிறிதே.

இந்தியாவில் உருவான ஃபெடினா, ரூபி ஆன் ரெயில்சு சட்டகத்தில் எழுதப்பட்டதாகும். கேரளப் பள்ளிக் கல்வித் துறையின் 'சம்பூர்ணா' திட்டம் தொடக்கத்தில் இதனையே அடிப்படையாகக் கொண்டது. ஓர் அரசுத் துறை தனக்கென வல்லுநர் குழு வைத்து ஒரு மென்பொருளைப் பேணுவதும், ஒற்றைக் கணினி ஆசிரியரை நம்பித் தனிப் பள்ளி அதனை நிறுவுவதும் ஒன்றல்ல. பிஎச்பி, மையெஸ்கியூஎல் ஆகியவற்றில் இயங்கும் கிப்பன், ஓப்பன்சிஸ், ரோசாரியோசிஸ் போன்றவையும் உள்ளன.

வணிகச் சேவைகளும் பாதுகாப்பும்

வழங்குநரின் சேவையகத்திலேயே தரவை வைத்து, மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெறும் முறை இன்று பரவலாக உள்ளது. பள்ளியில் சேவையகமோ அதனைப் பேணுபவரோ தேவையில்லை. ஆனால் பதிவு பள்ளியின் கையை விட்டு அகல்கிறது.

1997 இல் தொடங்கிய பவர்ஸ்கூல் 2001 இல் ஆப்பிளிடமும், 2006 இல் பியர்சனிடமும், 2015 இல் விசுட்டா என்னும் முதலீட்டு நிறுவனத்திடமும் சென்றது. 2024 இல் அதனை பெயின் கேப்பிட்டல் வாங்கியது. ஒவ்வொரு முறையும் பள்ளிகளின் தரவைக் கையாளும் நிறுவனத்தின் உரிமை கைமாறியது, பள்ளிகளின் விருப்பத்தைக் கேட்டு அல்ல. 2024 திசம்பரில், திருடப்பட்ட ஒரு கடவுச்சொல்லைக் கொண்டு அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவித் தளத்தினுள் நுழைந்தவர்கள், பல பள்ளி மாவட்டங்களின் மாணவர், ஆசிரியர் பதிவுகளைப் படியெடுத்தனர். தரவை அழித்துவிடுவதாகக் கூறியதை நம்பி நிறுவனம் பணம் செலுத்தியது. ஆயினும் 2025 மே மாதத்தில் சில பள்ளி வாரியங்களுக்கு அதே தரவைக் காட்டி மிரட்டல் வந்தது.

கனடாவின் டொராண்டோ மாவட்டப் பள்ளி வாரியம், 1985 முதல் பயின்ற மாணவர்களின் விவரங்கள் இதில் அடங்கக்கூடும் என அறிவித்தது. அதாவது, பவர்ஸ்கூல் தோன்றுவதற்கு 12 ஆண்டுகள் முன்னரே பள்ளியில் இருந்தவர்களும் பாதிப்பு வளையத்துள் வந்தனர். பழைய பதிவுகள் அனைத்தையும் புதிய இணையவழி முறைமைக்கு ஏற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. பயின்று முடித்தவர்களின் பதிவை இணையத்தோடு இணையாத தனி வட்டிலும் அச்சுப் படியிலும் வைத்திருந்தால், தேவையானபோது எடுத்துச் சான்று வழங்கலாம். எத்தரவைச் சேகரிக்காமல் விடலாம் என்பதும் தெரிவின் ஒரு பகுதியே. கைரேகை, பெற்றோரின் வருமானம், நோய் விவரம் போன்ற புலங்கள் மென்பொருளில் உள்ளன என்பதற்காகவே அவற்றை நிரப்ப வேண்டியதில்லை.

தமிழ்ப் பெயர்களும் எழுத்துக் குறியேற்றமும்

வெளிநாட்டு மென்பொருள்கள் பல, முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு புலங்களைக் கட்டாயமாகக் கேட்கின்றன. தமிழ் மாணவரின் தலைப்பெழுத்து குடும்பப்பெயர் அன்று, பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிப்பது. தந்தைக்கோ அவருடைய தந்தையின் பெயரே தலைப்பெழுத்து. குடும்பப்பெயரைக் கொண்டு பெற்றோரையும் பிள்ளையையும் இணைக்கும் மென்பொருள் இங்கே தடுமாறும். தலைப்பெழுத்தை ஒருவர் முன்னும் மற்றொருவர் பின்னும் இட்டால், ஒரே மாணவருக்கு இரு பதிவுகள் உருவாகும்.

மையெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இயல்பிருப்புக் குறியேற்றம் 2018 இல் வெளிவந்த 8.0 பதிப்புக்கு முன்னர் இலத்தீன் எழுத்துகளுக்கு உரியதாகவே இருந்தது. அவ்வமைப்பை மாற்றாமல் ஒருங்குறித் தமிழை உள்ளிட்டால், பெயர்கள் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படக்கூடும். அவ்வாறு சேமிக்கப்பட்டவற்றை மீட்க வழியில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பட்டியல்களையும் முதலில் ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும்.

அகரவரிசையும் கவனிக்கத்தக்கது. தமிழ் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பின்னரே றன்னகரம் வரும், ஒருங்குறி அட்டவணையிலோ அது நகரத்தை அடுத்து நிற்கிறது. எனவே குறியெண்களை மட்டும் கொண்டு வரிசைப்படுத்தும் மென்பொருளில், கவிதாவுக்குப் பின் வர வேண்டிய கனிமொழி முன்னே வந்துவிடுவார். வருகைப் பட்டியலைத் தமிழில் அச்சிடும் பள்ளிகள் இதனை வாங்குமுன் சோதித்துப் பார்க்கலாம்.

தரவை வெளியே எடுத்தல்

தமிழ்நாட்டுப் பள்ளிகள் மாநில அரசின் எமிஸ் தளத்திலும் மாணவர் விவரங்களை உள்ளிட வேண்டியிருப்பதால், தரவை வெளியே எடுக்க இயலாத மென்பொருள் அலுவலர்களின் வேலையை இரட்டிப்பாக்கும். ஏற்றுமதி வசதி உண்டு என்னும் விற்பனையாளரின் சொல் போதாது. பத்து மாணவர்களை உள்ளிட்டு, அவர்களுடைய எல்லா விவரங்களையும் சிஎஸ்வி கோப்பாக எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். பல மென்பொருள்கள் பெயரையும் வகுப்பையும் தருமேயன்றி, முந்தைய ஆண்டுகளின் மதிப்பெண்களையும் நிழற்படங்களையும் தருவதில்லை.

அக்கோப்பை எக்செல் போன்ற விரிதாளில் திறக்கும்போது தமிழ் எழுத்துகள் சிதைந்து தோன்றலாம். சேர்க்கை எண்ணின் முன்னுள்ள சுழியம் உதிர்ந்துவிடலாம். ஏப்ரல் 3 எனக் கருதி இட்ட 03/04/2010 என்பதை, அமெரிக்க வழக்கில் அமைந்த கணினி மார்ச் 4 எனப் படிக்கும். நாள் 12 க்கு மேற்பட்ட பதிவுகளில் இப்பிழை உடனே தெரியும், ஏனையவற்றில் தெரியாது. எனவே சோதனைக்கு உள்ளிடும் பத்து மாணவர்களுள் சிலரேனும் மாதத்தின் முதல் 12 நாட்களுக்குள் பிறந்தவர்களாக இருத்தல் வேண்டும்.