அகத்தியர் மலைக்கு ஒரு யாத்திரை

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழும் நம்மவர் இல்லங்களில் நெய்யாற்றை அறியாத குழந்தை இராது. அவ்வாறு பிறக்கும் அகத்தியர் மலையைப் பற்றியும் அவர்கள் அறிதல் வேண்டும்.

1,868 மீட்டர் உயரமுள்ள இம்மலைத்தொகுதியின் கிழக்கே தாமிரபரணியும் மேற்கே நெய்யாறும் தோன்றுகின்றன. தமிழ் முனிவர் அகத்தியர் உறையும் பொதிகை என்பது நம் முன்னோர் கொள்கை. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் இரு மொழியாரும் இம்மலையை இன்றும் போற்றி வருகின்றனர். 2016இல் யுனெஸ்கோ இதனை உலக உயிர்க்கோளக் காப்பகங்களுள் சேர்த்தது.

மலையேற விரும்புவோர் கேரள வனத்துறையின் அனுமதியை முன்னதாகவே பெறுதல் வேண்டும். ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டித் தொடங்கும் பருவத்தில், நாளொன்றுக்குக் குறிப்பிட்ட தொகையினரே அனுமதிக்கப்படுவர். போணக்காட்டிலிருந்து வழிகாட்டியுடன் புறப்பட்டு, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் உச்சியை அடைவர். அட்டைகளும் யானைகளும் உள்ள காடு. செங்குத்தான பாறைகளில் கயிற்றைப் பற்றி ஏற வேண்டிய இடங்களும் உண்டு. சிறுவர்க்கும் முதியோர்க்கும் இவ்வழி ஏற்றதன்று. அவர்கள் நெய்யாறு அணைக்குச் சென்று நீர்த்தேக்கத்தையும் மலைகளையும் கண்டு மகிழலாம்.

இக்காட்டின் பழங்குடியினர் காணி மக்கள். 1987இல் ஆராய்ச்சியாளர் சிலர் களைத்து நின்றபோது, வழிகாட்டிய காணியர் ஒரு செடியின் காயை உண்டு சோர்வின்றி நடந்தனர். அச்செடியே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவாயிற்று. அதன் வருவாயில் காணியர்க்கும் பங்கு அளிக்கப்பட்டது.

அகத்தியர் உறையும் உச்சிக்குப் பெண்கள் செல்லலாகாது என்பது காணியரின் வழக்கம். பாலினத்தைக் காரணமாக்கித் தடுத்தல் கூடாதென 2018இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் பெண்களும் ஏறத் தொடங்கினர். அப்போது காணியர் அமைதியான முறையில் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர்.

நம் பெண்மக்களும் அம்மலையைக் காணும் உரிமை உடையவரே. ஆயினும் செல்வோர் யாவராயினும், அங்கு நாம் விருந்தினர் என்பதை மறத்தலாகாது. பிளாஸ்டிக் பொருள்களை விட்டுவாராமல், ஓர் இலையையும் பறியாமல், காணியரின் மனம் நோகப் பேசாமல் திரும்புவோமாக. நம் வீட்டுக் கிணற்றில் ஊறும் நீருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.