பழைய சவரக்கத்தியைப் புதுப்பித்தல்

மடக்குச் சவரக்கத்தி இன்று காட்சிப்பொருள் ஆகிவிட்டது. 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட், மழுங்கியதும் எறிந்துவிடத்தக்க மெல்லிய தகட்டினைக் கொண்ட மழிப்புக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்க்கு அது வழங்கப்பட்டது. பழைய கத்திகள் மெல்ல மெல்லப் பெட்டிக்குள் முடங்கின. அவற்றைத் தேடியெடுத்து மீண்டும் மழிக்கத் தக்கனவாக ஆக்குவதை மேனாட்டார் பலர் இன்று பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். அதன் நுட்பத்தை ஈண்டுக் காண்போம்.

இக்கத்திகளுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் இங்கிலாந்தின் செஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் ஆகும். மூசையில் எஃகினை உருக்கி வார்க்கும் முறையைப் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740களில் செஃபீல்டுப் பகுதியில் உருவாக்கினார். கத்தியின் வாற்பகுதியில் செய்தவர் முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். அதனுடன் நாட்டின் பெயரும் இருப்பின், கத்தி பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது எனலாம். இறக்குமதிப் பொருள்கள் மீது நாட்டுப்பெயர் இருத்தல் வேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கவரிச் சட்டம் விதித்ததே இதற்குக் காரணம். ஒரு நாட்டின் வரிச்சட்டம் வேறொரு நாட்டுக் கத்தியின் வயதைக் காட்டிக்கொடுப்பது சுவையான செய்தியன்றோ!

அலகில் விரிசல் இருந்தால் அக்கத்தியைக் கைவிடுதலே அறிவுடைமை. செந்துரு அரித்துக்கொண்டே செல்லும், ஆதலின் நீக்கத்தக்கது. நாட்பட்ட கருமைப் படிவமோ தீங்கற்றது.

இக்கத்தியின் தனிச்சிறப்பு அதன் முதுகில் உள்ளது. தீட்டுகல்லின்மீது கத்தியைப் படுக்க வைத்தால், தடித்த முதுகும் மெல்லிய வாயும் ஒருங்கே கல்லைத் தொடும். தீட்டும் கோணத்தை முதுகின் தடிப்பே வரையறுத்துவிடுகின்றது. தீட்டுவோர் கை அதனை அறுதியிட வேண்டியதில்லை. ஆண்டாண்டாகத் தீட்டும்போது வாயும் முதுகும் சேர்ந்தே தேய்வதால் கோணம் பெரிதும் பிறழ்வதில்லை. பளபளப்பை விழைந்து முதுகை மட்டும் இயந்திரச் சக்கரத்தில் தேய்ப்பவர், செய்தவன் வகுத்த கணக்கையே அழித்துவிடுகின்றார். முத்திரையும் உடன் மறையும். கண்ணாடிபோல் மின்னும் கத்திக்குச் சந்தையில் மதிப்பு மிகுதியாக இருக்கலாம். எனினும் அரித்த புள்ளிகள் சில எஞ்சியிருக்கும் கத்தியையே நாம் மேலானதாகக் கருதுகின்றோம். தேய்த்து அகற்றிய எஃகு மீளாது.

இயந்திரச் சக்கரத்தால் மற்றொரு கேடும் உண்டு. இருபுறமும் குழிவாகக் கடையப்பட்ட அலகின் வாய் தாளினும் மெல்லியது; நொடியில் சூடேறும். எஃகு நீலம் பூத்துவிட்டால் அதன் கடினம் போயிற்று. பின்னர் எத்துணை தீட்டினும் கூர் நிலைக்காது. எனவே எண்ணெய் தடவி, தக்கைத் துண்டில் சுற்றிய உப்புத்தாளால் கையாலேயே பொறுமையாகத் தேய்த்தல் நன்று.

பிடி கொம்பு, தந்தம், செல்லுலாய்டு முதலியவற்றால் ஆனது. பழைய செல்லுலாய்டு சிதையும்போது வெளிவரும் அமிலப் புகை எஃகினை அரிக்கும். அத்தகைய பிடியைக் கழற்றிவிட வேண்டும். பிற கத்திகளோடு ஒரே பெட்டியில் வைத்தலும் ஆகாது. சில பிடிகளின் அடியிலுள்ள ஆப்பு ஈயத்தால் ஆனது; அதனைத் தொட்டபின் கை கழுவுதல் வேண்டும்.

இறுதியாகத் தீட்டல். 1000 எண் கல்லில் தொடங்கி, 4000, 8000 என நுண்மை மிக்க கற்களுக்குச் செல்வர். கல்லில் வாய் முன்செல்லும். தோல்வாரில் முதுகு முன்செல்லும். மாற்றினால் வார் அறுபடும்.

மழிக்குமுன் கத்தியைக் கிருமிநீக்கம் செய்தாக வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி நச்சுயிரி உடலுக்கு வெளியே ஏழு நாள்களேனும் தொற்றும் ஆற்றலுடன் இருக்க வல்லது. ஆகவே, மீட்ட கத்தியை ஒரே வீட்டாரும் தம்முள் பகிர்ந்து பயன்படுத்தலாகாது.