கப்பலேறிய ஊறுகாய் ஜாடி

உல்லாசக் கப்பலில் பயணம் செய்ய விரும்புவோர் இன்று அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'நம்முடைய திராட்சை மதுப் புட்டியை நாமே எடுத்துச் செல்லலாமா?' பல கப்பல் நிறுவனங்கள் வயது வந்த பயணி ஒருவருக்கு 750 மில்லி லிட்டர் கொண்ட ஒரே ஒரு புட்டியை, அதுவும் கப்பலேறும் நாளில் மட்டும், அனுமதிக்கின்றன. அப்புட்டியைக் கப்பலின் உணவுக் கூடத்தில் திறந்தால் அதற்கென்று தனிக் கட்டணமும் வாங்குகின்றன. வீட்டில் சமைத்த உணவுக்கோ பெரும்பாலும் இடமே கிடையாது.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நிலைமை வேறு. காரைக்குடி, தேவகோட்டை முதலிய செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் 'கொண்டுவிற்கப்' போன நகரத்தாருக்கு, கைச் சாப்பாடு என்பது பயணத்தின் இன்றியமையாத ஏற்பாடு. எலுமிச்சை ஊறுகாய், உப்பு நாரத்தங்காய், ஆவக்காய், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சுண்டை வற்றல், மணகோலம், சீடை என்று ஜாடிகளும் தகர டின்களும் பெட்டிகளோடு பெட்டிகளாகக் கப்பலேறின. மதுப் புட்டியானாலும் ஊறுகாய் ஜாடியானாலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான். வெப்பமும் ஈரமும் நிறைந்த கடற்காற்றில் பல நாள் கெடாமல் இருப்பது எது? ஏன்?

மேல்தளப் பயணம்

அக்காலக் கப்பல் பயணம் எப்படிப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. படுக்கை அறை இல்லாமல் தளத்திலேயே பாய் விரித்துப் படுப்பவர்களே மேல்தளப் பயணிகள். கடலில் கழியும் காலம் ஏறக்குறைய ஒரு வாரம்.

இத்தனை பேர் நெருங்கியிருக்கும் இடத்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு கண்டால் அது அவரோடு நிற்பதில்லை. கப்பலில் தொற்றுநோய் இருந்தால் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவிலும் இருந்த தனிமை முகாம்களில் பயணிகள் நாட்கணக்கில் தங்க நேரிடும். ஆகவே கெடாத உணவு என்பது வெறும் நாக்கு ருசி பற்றியதன்று. உடல்நலமும் பிழைப்பும் அதைச் சார்ந்திருந்தன.

நீர் இருந்தும் இல்லாத நிலை

உணவைக் கெடுப்பவை பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சைக் காளான் ஆகிய நுண்ணுயிர்கள். இவை வளர நீர் தேவை. ஆனால் உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நீர் நுண்ணுயிருக்குக் கிடைக்கக் கூடியதாக இருக்கிறது என்பதே முக்கியம். உப்பும் சர்க்கரையும் நீர் மூலக்கூறுகளைத் தம்பால் ஈர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. எஞ்சியுள்ள 'கட்டற்ற' நீரின் அளவைக் குறிக்க விஞ்ஞானிகள் நீர்ச் செயல்திறன் என்ற அளவீட்டைப் பயன்படுத்துகிறார்கள். தூய நீருக்கு அது 1.

ஒரு சிறு பரிசோதனை செய்து பாருங்கள். மாங்காயைத் துண்டு போட்டு உப்பைப் பிசறி ஒரு மணி நேரம் வையுங்கள். நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே கிண்ணத்தின் அடியில் நீர் தேங்கியிருக்கும். மாங்காயின் செல்களிலிருந்து நீரை வெளியே இழுத்தது உப்பு. சவ்வூடு பரவல் எனப்படும் இந்நிகழ்ச்சி மாங்காய்க்கு மட்டும் உரியதன்று. உப்பு நீரில் விழும் பாக்டீரியாவின் செல்லிலிருந்தும் நீர் இவ்வாறே வெளியேறுகிறது. அது உடனே செத்துவிடுகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் பெருக முடியாமல் முடங்கிவிடுகிறது.

எவ்வளவு உப்பு வேண்டும்? கடல் நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். அதன் நீர்ச் செயல்திறன் 0.98. இந்த அளவு எந்த உணவையும் காக்காது; கடலே நுண்ணுயிர்கள் நிறைந்ததுதானே! மாறாக, 100 கிராம் நீர் ஏறக்குறைய 36 கிராம் உப்பைக் கரைக்கும். அதற்கு மேல் கரையாத அந்த நிறைகரைசலின் நீர்ச் செயல்திறன் 0.75. உணவைக் கெடுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே வளர்வதில்லை. உப்பைத் தாங்குவதில் பெயர்பெற்ற ஸ்டஃபைலோகாக்கஸ்கூடக் காற்றுள்ள இடத்தில் 0.86 அளவோடு நின்றுவிடுகிறது. ஊறுகாயில் தாராளமாக உப்பிடுவதன் பொருள் இதுவே.

புளிப்பு என்னும் இரண்டாம் காவல்

உப்பு ஒரு காவல் என்றால், அமிலம் மற்றொரு காவல். அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலில் தூய நீர் 7. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-க்கும் 2.5-க்கும் இடைப்பட்டது. கொடிய நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா 4.6-க்குக் கீழே வளர்வதில்லை. எலுமிச்சை, நாரத்தை, மாங்காய், புளி ஆகிய அனைத்தும் இந்த எல்லைக்குக் கீழே இருப்பவை. பயண ஊறுகாய்க்கு இவையே முதன்மை பெற்றது தற்செயல் என்று தோன்றவில்லை.

புளியோதரைக்கும் புளிக்காய்ச்சலுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். புளியும் உப்பும் நல்லெண்ணெயும் சேர்த்து நீர் வற்றக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் பல நாள் தாங்கும். ஆனால் அதைச் சோற்றில் கலந்துவிட்டால் கதை மாறுகிறது. வெந்த சோற்றில் நீர் மிகுதி. மேலும், பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் சோறு வேகும் சூட்டிலும் பிழைத்திருக்கும். புளி போதிய அளவு கலவாத சோற்றுக் கட்டியில் அவை முளைத்துப் பெருகும். எனவே நீண்ட பயணத்துக்குக் காய்ச்சலைத் தனியே கொண்டுபோய், அவ்வப்போது சூடான சோற்றில் கலந்து உண்பதே அறிவுடைமை.

கடற்காற்றும் எண்ணெய்ப் படலமும்

சீடையும் அப்பளமும் வற்றலும் வேறு வழியில் காப்பாற்றப்படுகின்றன. வெயிலோ எண்ணெய்ச் சூடோ அவற்றிலுள்ள நீரைப் போக்கிவிடுகிறது. ஆனால் கடலில் இவற்றுக்கு ஓர் எதிரி உண்டு. கடல்மேல் வீசும் காற்றின் ஒப்பு ஈரப்பதம் சாதாரணமாக 80 சதவீதத்தை ஒட்டியிருக்கும். உலர்ந்த பண்டம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலை அடையும் வரை நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மொறுமொறுப்பான முறுக்கு கப்பலில் நமுத்துப்போவது இதனால்தான். இறுக மூடிய தகர டின்னே இதற்கு மருந்து.

ஊறுகாய்க்கும் இதே ஆபத்து உண்டு. உப்பின் நிறைகரைசல் 75 சதவீத ஈரப்பதத்தோடுதான் சமநிலையில் நிற்கும். காற்றில் 80 சதவீதம் இருந்தால் திறந்த ஊறுகாயின் மேற்பரப்பு நீரை இழுக்கும். அங்கே உப்பு நீர்த்துப்போகும். நீர்த்த அந்த மெல்லிய அடுக்கில்தான் முதலில் பூசணம் பூக்கிறது. ஊறுகாயின் மேல் விரற்கடை அளவு நல்லெண்ணெய் நிற்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இப்போது விளங்கும். எண்ணெய் ஈரத்தையும் தடுக்கிறது; பூஞ்சைக்குத் தேவையான ஆக்சிஜனையும் தடுக்கிறது. ஈரக் கரண்டியை விடக்கூடாது என்பதும் இதே விதியின் தொடர்ச்சியே.

ஆனால் எண்ணெய் மட்டுமே காவல் என்று எண்ணிவிடக் கூடாது. மேலே சொன்ன பாட்டுலினம் காற்றில்லாத இடத்தில் வளர்வது. புளிப்பில்லாத பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைப்பது அதற்கு வீடு கட்டிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். முதலில் உப்பும் புளிப்பும், பிறகே எண்ணெய்.

மது எப்படிக் கடல் கடந்தது?

இனித் தொடக்கத்தில் சொன்ன மதுப் புட்டிக்கு வருவோம். தமிழகத்துக்கு அது புதிய விருந்தாளி அன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது கொண்டுவந்த இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. வைகை கடலில் கலக்கும் அழகன்குளத்திலும் இத்தகைய ஓடுகள் கிடைத்துள்ளன. மது கசியாதிருக்க இச்சாடிகளின் உட்புறத்தில் மரப்பிசினைப் பூசுவது வழக்கம்.

திராட்சை மதுவில் ஆல்கஹால் 12 முதல் 14 சதவீதம், பி.எச். 3-க்கும் 4-க்கும் இடையே. நோய்க் கிருமிகள் இதில் பிழைப்பது அரிது. ஆயினும் அசிட்டிக் அமில பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைத்தால் ஆல்கஹாலைக் காடியாக மாற்றிவிடும். நம் ஊரில் காலையில் இறக்கிய கள் நேரம் செல்லச் செல்லப் புளித்துப்போவதிலும் இந்த பாக்டீரியாவுக்குப் பங்குண்டு. இதைத் தடுக்க ஐரோப்பிய வணிகர்கள் திராட்சைச் சாராயம் கலந்து ஆல்கஹாலை 18 முதல் 20 சதவீதம் வரை உயர்த்தினார்கள். போர்ட், மடீரா ஆகிய மதுவகைகள் இவ்வாறு கடற்பயணத்தைத் தாங்கின.

வேறொரு வழியைக் காட்டியவர் லூயி பாஸ்டர். மதுவைச் சிறிது நேரம் 50 முதல் 60 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் கெடுக்கும் நுண்ணுயிர்கள் அழிவதை அவர் 1860-களில் கண்டறிந்தார். சூடாக்கிய மதுவையும் சூடாக்காத மதுவையும் கப்பலில் அனுப்பிப் பிரெஞ்சுக் கடற்படை ஒப்பிட்டுப் பார்த்தது. சூடாக்கியது கெடாமல் திரும்பியது. பாலுக்கு நாம் இன்று பயன்படுத்தும் பாஸ்டர் முறை இவ்வாறு மதுவில் தொடங்கியது. இங்கே ஒரு சுவையான செய்தி: ரஜூலாவுக்குப் பின் சென்னை–சிங்கப்பூர் வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல், 1966-இல் பிரான்சில் கட்டப்பட்டபோது பெற்ற பெயர் 'பாஸ்டர்'! 1985-இல் நேர்ந்த தீ விபத்தோடு அதன் ஓட்டம் முடிந்தது.

ஜாடியா, பித்தளையா?

ஊறுகாயைப் பித்தளைத் தூக்கில் வைக்காமல் பீங்கான் ஜாடியில் வைப்பதற்கும் காரணம் உண்டு. அமிலமும் உப்பும் சேர்ந்தால் பித்தளையிலுள்ள செம்பு கரைந்து களிம்பு ஏறும்; அதை உண்டால் குமட்டலும் வாந்தியும் வரும். பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசுவது இந்த அரிப்பைத் தடுக்கவே. உலோக அரிப்பைப் பற்றிய ஆராய்ச்சியில் சிறந்து விளங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் திறக்கப்பட்டதும் அழகப்பச் செட்டியார் நன்கொடையாக அளித்த காரைக்குடி நிலத்தில்தான். உப்புக் காற்று உலோகத்தை எவ்வாறு அரிக்கிறது என்பதை அந்நிலையம் மண்டபம் கடற்கரையில் ஆராய்கிறது.

மெருகிட்ட பெரிய ஜாடிகளுக்குக் கீழ்ப் பர்மாவின் மர்த்தபான் துறைமுகம் பெயர்போனது. பல மொழிகளில் ஜாடிக்கே 'மர்த்தபான்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 14-ஆம் நூற்றாண்டில் மதுரைக்கும் வந்துபோன மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, கடற்பயணத்துக்கென உப்பிட்ட இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் நிறைந்த மர்த்தபான் ஜாடிகள் தமக்குப் பரிசாகக் கிடைத்ததைக் குறித்து வைத்திருக்கிறார். ஆக, ஊறுகாய் ஜாடி கப்பலேறும் வழக்கம் நகரத்தாருக்கும் பல நூற்றாண்டு முற்பட்டது.

ஓர் எச்சரிக்கை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய ஜாடிகளை விரும்பி வாங்குகிறார்கள். பழைய மெருகுகள் சிலவற்றில் காரீயம் கலந்திருக்கும். புளிப்பும் உப்பும் அதை மெல்லக் கரைக்கும். காரீயம் உடலில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எந்த மெருகு என்று தெரியாத ஜாடியைக் கூடத்தில் அழகுக்கு வையுங்கள், ஊறுகாய் போடாதீர்கள்.

இன்று பயணம் போவோருக்கு

2022 ஜூனில் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. கப்பலிலோ விமானத்திலோ போகிறவர்களுக்கு ஜாடி கட்டிக் கொடுக்கும் வீடுகள் செட்டிநாட்டில் இன்றும் உண்டு.

உல்லாசக் கப்பல்கள் மதுவுக்கு வரம்பு வைப்பதில் வியாபாரக் கணக்கு உண்டு. மது விற்பனை அவற்றின் முக்கிய வருவாய்களில் ஒன்று. ஆனால் வீட்டுச் சமையலை மறுப்பதற்கு அக்காலத் தனிமை முகாமின் நியாயமே இன்றும் பொருந்துகிறது. நெருக்கமான கப்பலில் வயிற்று நோய் விரைவாகப் பரவும். அதோடு, பச்சை மாங்கொட்டைக்குள் ஒளிந்திருக்கும் வண்டு போன்ற பூச்சிகள் மற்றொரு நாட்டின் தோட்டங்களுக்குள் புகுந்துவிடக் கூடும். ஆகவே புறப்படுமுன் கப்பல் நிறுவனத்தின் விதியையும் சேரும் நாட்டின் சுங்க விதியையும் கேட்டறிந்துகொள்ளுங்கள். அனுமதி இருந்தால், புளிப்பும் உப்பும் குறையாத ஊறுகாயைப் புதிய கண்ணாடிப் புட்டியில், எண்ணெய் மேலே நிற்கும்படி நிரப்பி, இறுக மூடி எடுத்துச் செல்லுங்கள். உலர்ந்த கரண்டி ஒன்றையும் மறவாதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும், இத்தனை நாள் ஊறுகாயைக் காத்த அந்த உப்பே தமக்குப் பகை என்பதை நினைவில் வைத்து, அளவோடு தொட்டுக்கொள்வது நல்லது.