நான்கு பக்கக் கணக்கும் காப்புரிமை வேலியும்

முழு எச்.டி. வீடியோவின் ஒரே ஒரு சட்டகத்தில் 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 3 பைட். நொடிக்கு 25 சட்டகங்கள் ஓடினால், சுருக்காத வீடியோ நொடிக்கு 155 மெகாபைட்டை விழுங்கும். இரண்டரை மணி நேரச் சினிமாவுக்கு 1,400 ஜிபி வேண்டும். அதே சினிமா சில ஜிபிக்குள் அடங்கிக் கைபேசிக்கு வருகிறதென்றால், அது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் கோடெக்கின் வேலை.

செய்தி வாசிப்பவர் பேசுகிறார். பின்னால் இருக்கும் சுவர் அசையவில்லை. அதைத் திரும்பத் திரும்ப அனுப்புவானேன்? எது எங்கே நகர்ந்தது என்று மட்டும் கோடெக் குறித்துக்கொள்கிறது. மிஞ்சும் வித்தியாசத்தை எட்டுக்கு எட்டு போன்ற சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் உள்ள 64 அளவுகளையும் 64 அலைகளின் கூட்டாக மாற்றுகிறது. மாற்றியதும் சில எண்களே பெரிதாக நிற்கும். மற்றவை பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். நுண்ணிய அலைகள் குறைந்தால் நம் கண் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஆகவே அவற்றைத் துணிந்து உதறிவிடலாம்.

இந்த மாற்றக் கணக்கை யோசித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-ல் இதற்காக அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. டி. நடராஜன், கே.ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் ஆய்வேடாக வெளியிட்டார். நான்கே பக்கம்! ஜேபெக் புகைப்படம் முதல் இன்றைய வீடியோ வரை எல்லாவற்றின் அடியிலும் அந்தக் கணக்கோ அதன் நெருங்கிய உறவோ இருக்கிறது.

அதன் மேல் எழுப்பியவற்றைச் சுற்றித்தான் காப்புரிமை வேலி. 2003-ல் வந்த எச்.264 கோடெக்கைப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு, ஆண்டில் முதல் ஒரு லட்சம் பிரதிகளைத் தாண்டினால் பிரதிக்கு 20 சென்ட் உரிமக் கட்டணம். விற்பவருக்கு அது சில்லறை. இலவசமாகக் கொடுப்பவர் எங்கே போவார்? திறந்த மென்பொருளை வாங்கியவர் இன்னும் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். பிரதிகளை எண்ணவே வழியில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இப்படித்தான் திண்டாடியது. 2013-ல் சிஸ்கோ நிறுவனம் தானே கட்டணத்தை ஏற்று, தான் தொகுத்த எச்.264 மென்பொருளை யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்றது. பெரிய உதவிதான். ஆனால் நிரலை நீங்களே திருத்தித் தொகுத்தால் அந்தச் சலுகை கிடையாது.

அடுத்து வந்த எச்.265-க்கு உரிமம் வசூலிக்க மூன்று குழுமங்கள் கிளம்பின. எதிலும் சேராத உரிமையாளர்கள் வேறு. மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கூட்டிச் சொல்ல ஆளில்லை. வீடியோத் தரங்களை வகுத்த எம்பெக் குழுவை நிறுவிய லியோனார்டோ கியாரிலியோனேவே 2018-ல் இந்த வணிகமுறை முறிந்துவிட்டது என்று எழுதினார்.

உழைத்தவருக்குக் கூலி வேண்டாம் என்பதல்ல என் வாதம். உலகமே பயன்படுத்தியாக வேண்டிய ஒரு வடிவத்துக்குள் நுழைய, பணமில்லாத மாணவனும் தன்னார்வலரும் அனுமதி கேட்டு நிற்கக் கூடாது.

2015-ல் கூகுள், மொஸில்லா, சிஸ்கோ, நெட்ஃபிளிக்ஸ் முதலிய ஏழு நிறுவனங்கள் கூடி, 2018-ல் ஏவி1 கோடெக்கை வெளியிட்டன. கட்டணத்தை மிச்சம்பிடிக்கும் சுயநலமும் அதில் உண்டு. இருக்கட்டும், பலன் பொதுவுக்கு. உரிமம் இலவசம். ஏவி1 மீது காப்புரிமை வழக்குத் தொடுப்பவர் அந்த உரிமத்தை இழப்பார். இருந்தும் சிஸ்வெல் என்ற உரிம நிறுவனம் 2019-லேயே கட்டணம் கேட்டு வந்துவிட்டது, சர்ச்சை ஓயவில்லை. இதற்கிடையே, விஎல்சி பிளேயரைத் தந்த வீடியோலேன் குழு ‘டேவிட்’ என்ற ஏவி1 விரிப்பானை எழுதிக் கொடுத்தது. ஏவி1-க்கான சிப் இல்லாத கைபேசிகளிலும் அது படம் ஓட்டுகிறது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தித் தொகுக்கலாம்.