நெசவாளர் இல்லத்திற்கு ஏற்ற சிறு நாய்

சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லுமிடங்களில், பேரேட்டை மூடி வைத்த பின்னர் அங்கத்தினர்கள் நம்மிடம் பலவற்றைப் பற்றியும் உசாவுவதுண்டு. அண்மைக்காலமாக அடிக்கடி எழும் வினா ஒன்று நமக்கே வியப்பளிக்கிறது. "பிள்ளைகள் நாய்க்குட்டி வேண்டுமென்று பிடிவாதம் செய்கிறார்கள், ஐயா. வீடோ சிறிது. உருவில் சிறியதாய், சொன்னபடி கேட்பதாய் எந்தச் சாதி நாயை வாங்கலாம்?" என்பதே அது. இதற்கு விடை கூறும் தகுதி நமக்கு உண்டெனில், அது தவறு செய்து பெற்ற தகுதியேயாகும். அதனையும் மறைக்காமல் கூறிவிடுவோம்.

பணியில் சேர்ந்த புதிதில், வாடகை வீட்டில் குடியிருந்த காலத்து, தொங்கும் காதுகளையும் இரங்கிய பார்வையையும் கண்டு மயங்கி பீகிள் குட்டி ஒன்றை வாங்கினோம். காலையில் சுற்றுப்பயணம் புறப்பட்டால் இரவில்தான் நாம் வீடு திரும்புவோம். குட்டியோ பகல் முழுதும் ஊளையிட்டது. அண்டை வீட்டார் முதலில் நயமாகவும், பின்னர் வெகு கடுமையாகவும் பேசினர். ஏழாம் மாதத்தில் அதனைத் தென்னந்தோப்பு உடைய நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வெறுங்கயிற்றோடு திரும்பினோம். பீகிள் என்பது இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கெனக் கூட்டங்கூட்டமாக வளர்க்கப்பட்ட இனம். மோப்பம் பற்றிக்கொண்டு, பின்னால் வரும் வேடருக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தவாறே ஓடுவது அதன் தொழில். தனிமை அதற்குப் பழக்கமில்லாதது. அத்தொழிலுக்குரிய குரலைத்தான் அது நம் வீட்டிலும் எழுப்பியது. முகத்தைப் பார்த்தோமேயன்றித் தொழிலை விசாரித்தோமில்லை.

ஆகவே, குட்டியைக் காணுமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வி, அவ்வினம் எவ்வேலைக்காக உருவாக்கப்பட்டது என்பதே. சொல்லுக்குக் கட்டுப்படுதல் என்பதும் இதனோடு தொடர்புடையது. ஸ்டான்லி கோரன் என்னும் உளவியல் பேராசிரியர், கீழ்ப்படிதல் போட்டிகளின் நடுவர்களை வினவி இனங்களை வரிசைப்படுத்தி, 1994ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். அதில் பூடில் இனம் இரண்டாம் இடத்தில் நிற்கிறது. பீகிளோ கடைசி வரிசையில் கிடக்கிறது. இதனால் பீகிள் மூடப்பிறவி என்பது பொருளன்று. பூடில், வேடன் சுட்டு வீழ்த்திய பறவையை நீரிலிருந்து எடுத்து வருவதற்கு வளர்க்கப்பட்டது. மனிதன் முகத்தைப் பார்த்து நடப்பதே அதன் வேலை. மோப்ப நாயோ தன் மூக்கை நம்பி நடப்பது.

இனி, நம் ஊர்களில் விற்பனைக்கு வரும் சிறு இனங்களைப் பார்ப்போம்.

2003ஆம் ஆண்டில் கைப்பேசி விளம்பரமொன்றில் ஒரு சிறுவனைப் பின்தொடர்ந்து ஓடிய சப்பை மூக்கு நாயை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவே பக். குணத்தில் சாது, பிள்ளைகளோடு நன்கு பழகும். ஆயினும் அதனை நாம் பரிந்துரைக்க மாட்டோம். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்த்துச் சூடு தணிவதில்லை. நாவை நீட்டி இளைத்து, வாயிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாவதனாலேயே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. முகம் சப்பையான நாய்க்கு அப்பாதையே குறுகலானது. சித்திரை வைகாசி வெயிலில் தகரக் கொட்டகையின் கீழ்த் தறியோட்டும் வீட்டில் அது படும் பாட்டை எண்ணிப் பாருங்கள்.

டாக்ஸ்ஹுண்ட் என்னும் குட்டைக்கால் நாயின் பெயருக்கு ஜெர்மன் மொழியில் 'வளைக்கரடி நாய்' என்று பொருள். வளைக்குள் நுழைந்து தோண்டுவதற்காகவே அதன் கால்கள் குறுகலாக்கப்பட்டன. துணிவும் குரலும் மிக்கது, பிடிவாதமும் மிக்கது. நீண்ட முதுகின் தண்டெலும்பு வட்டுகள் பிதுங்கிப் பின்னங்கால்கள் விழுந்துவிடும் நோய் இவ்வினத்தில் மிகுதி. குழித்தறியுள்ள வீட்டில் இது குழிக்குள் குதிப்பதும் ஏற முயல்வதுமாக இருக்குமாதலின் நமக்கு அச்சமே. காய்கறிப் பாத்தி போட்டவர் இதனை வளர்த்தால், எலிக்கு முன்பாகப் பாத்தியே தோண்டப்படும்.

பாமரேனியன் என்று நம் மக்கள் அழைப்பதில் ஒரு குழப்பம் உண்டு. உண்மைப் பாமரேனியன் 3 கிலோவை ஒட்டிய மிகச் சிறு நாய். பால்டிக் கடலோரப் பிரதேசமொன்றின் பெயரைக் கொண்டது. 1888ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார் இத்தாலியப் பயணத்தின்போது இவ்வகை நாய்களை வாங்கிச் சென்ற பின் அது பெரிதும் புகழ் பெற்றது. நம் தெருக்களில் வெண்மயிரும் கூர்மூக்குமாகத் திரிவது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். சிறு வகை ஏறத்தாழ 5 முதல் 7 கிலோ எடையுள்ளது. தலைமுறை தலைமுறையாக இந்நாட்டு வெயிலில் தேறியது, விரைவில் கற்பது, சோறுண்டு வாழப் பழகியது. முன்னதன் பெயரைச் சொல்லிப் பின்னதை இரட்டை விலைக்கு விற்பவர் உளர், எச்சரிக்கை வேண்டும்.

நம் எண்ணத்தில் சிறிய வீட்டிற்கு இச்சிறு ஸ்பிட்ஸே பெரும்பாலும் பொருந்தும். ஆயின் இரண்டு குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒன்று, இலை அசைந்தாலும் குரைக்கும். மற்றொன்று, அதன் வெண்மயிர் உதிரும். கஞ்சி ஏற்றிய கரும்பாவில் அது ஒட்டினால் நெசவாளர் படும் எரிச்சலை நாம் விளக்கவேண்டியதில்லை. நாள்தோறும் வாசலில் வைத்துச் சீவிவிட்டால் பெரிதும் குறையும். மயிர் உதிராத இனமே வேண்டுமெனில் சிறு பூடில் உண்டு. ஆனால் சில வாரங்களுக்கொருமுறை அதன் மயிரைக் கத்தரிக்கும் செலவு, விலையைக் காட்டிலும் பெரிதாகிவிடும். உருவம் சற்றுப் பெரிதானாலும் பரவாயில்லை என்போர் தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்து வளர்ப்பதில் எவ்விதக் குறைவும் இல்லை. குறுமயிரும் நோய் தாங்கும் உடலும் அதற்கு இயல்பு. தோட்டத்தில் காட்டுப்பன்றியைத் தடுக்க நாய் தேடும் விவசாயிகளுக்கு இக்கட்டுரையால் பயனில்லை. சிறு நாய் கூவி எழுப்புமேயன்றி எதிர்த்து நிற்காது. அவ்வேலைக்கு அதனை ஏவுவது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

நிற்க. நெசவு வீட்டிற்கே உரிய அபாயம் ஒன்றுளது. கஞ்சி தோய்ந்த நூல் குட்டிக்குத் தின்பண்டமாகத் தோன்றும். தார்க்குச்சியைக் கவ்விக்கொண்டு ஓடுவது வேடிக்கையாக இருக்கலாம். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடக் கூடியது. வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தொங்கக் கண்டால் கையால் இழுத்தல் கூடவே கூடாது. இழுத்தால் உள்ளே குடல் கிழியும். உடனே கால்நடை மருத்துவரிடம் செல்க. நூலும் சரிகையும் குட்டிக்கு எட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும். தோட்டத்து வீடுகளில் எலி மருந்தும் பூச்சி மருந்தும் அவ்வாறே. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆதலின் மிஞ்சிய சின்ன வெங்காயச் சாம்பார்ச் சோற்றை இடும் வழக்கத்தை விட்டுவிடுதல் நலம்.

பயிற்சியைப் பற்றி: குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை காணும் காட்சிகளும் கேட்கும் ஒலிகளும் அதற்கு ஆயுள் முழுதும் பழக்கமாகிவிடும். வீட்டிற்கு வந்ததும் தறியோசையை முதலில் தூரத்திலிருந்தும், நாளடைவில் அருகிலிருந்தும் கேட்கச் செய்து, ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். ஒரு கட்டளைக்கு ஒரே சொல். தந்தை 'உட்கார்' என்றும் பாட்டி 'குந்து' என்றும் சொன்னால் குட்டி என் செய்யும்? ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். உறங்கி எழுந்ததும் உண்டு முடிந்ததும் வெளியே கொண்டு செல்லுங்கள்; அங்கே கழித்தால் உடனே பாராட்டுங்கள். வீட்டிற்குள் கழித்துவிட்டால் அடித்துப் பயனில்லை. அடி வாங்கிய குட்டி மறைவிடம் தேடக் கற்குமேயன்றி வேறொன்றும் கற்காது.

எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயினின்று பிரித்து வாங்காதீர்கள். தாயை நேரில் காண்பது மிக நன்று. அதன் குணமே குட்டியின் குணத்திற்குச் சாட்சி. மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி இடவேண்டும். பின்னர் மருத்துவர் குறிப்பிடும் தவணை தவறலாகாது. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், அது வீட்டு நாயேயாயினும், புண்ணை ஓடும் நீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்லவேண்டும். நோயின் அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. தோன்றுமுன் ஊசியிட்டால் அதனைத் தடுத்துவிடலாம்.

மற்றொன்று, பரிசோதகர் என்னும் முறையில் கூறுவது: நூல் வாங்கப் பெற்ற கடனில் நாய் வாங்கிய அங்கத்தினர் ஒருவரை நாம் அறிவோம். குட்டியின் விலையைவிட அதன் பத்து பன்னிரண்டு ஆண்டுச் சோறும் ஊசியுமே பெருஞ்செலவு. வாங்குமுன் ஒரு வாரம், வீட்டில் எவர் எந்நேரம் இருக்கிறார் என்பதை ஒரு தாளில் குறித்து வாருங்கள். கல்யாணத்திற்குக் குடும்பத்தோடு வெளியூர் செல்லும் நாளில் நாய்க்குச் சோறிடுபவர் பெயரையும் அத்தாளிலேயே எழுதி வையுங்கள். எழுதப் பெயர் இல்லையெனில், பிள்ளைகளிடம் அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று சொல்லிவிடலாம்.