சராசரிக்குக் கீழே நின்றவர்க்கும் கலாசாலைப் பிரவேசம்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பை நெருங்கும் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் ஒருசேரக் கலங்கவைப்பது, 1926-ஆம் ஆண்டு முதல் காலேஜ் போர்டு என்னும் ஸ்தாபனம் நடத்திவரும் எஸ்.ஏ.டி. பரீட்சையாகும். 400-இல் தொடங்கி 1600-இல் முடியும் அதன் அளவில், 2023-ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் தேசத்தின் சராசரி 1050-ஐக்கூட எட்டவில்லை என்பதை அறியாமல், 950 பெற்ற பிள்ளை தன் கல்வியே முடிந்துவிட்டதாக மனம் ஒடிந்துபோவது பெரும் பரிதாபம். ஹார்வர்டு, யேல் போன்ற சில கீர்த்திபெற்ற இடங்களின் கெடுபிடியை வைத்துத் தேசம் முழுவதையும் எடைபோடுவதால் வரும் பயம் இது. உண்மையில், அங்குள்ள நான்காண்டுக் கலாசாலைகளில் பெரும்பாலானவை விண்ணப்பிப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்பவையே.

கலாசாலைகள் வெளியிடும் மதிப்பெண் எல்லையை வாசிக்கத் தெரிந்துகொள்வது முதற் காரியம். ஒரு கலாசாலை 980 முதல் 1180 வரை என்று அச்சிட்டிருந்தால், 980-க்குக் கீழே இடமில்லை என்று அதற்குப் பொருளன்று; மதிப்பெண் அனுப்பிச் சேர்ந்தவர்களில் நடுப்பாதியினர் அந்த எல்லைக்குள் இருந்தார்கள், கால்பங்கினர் 980-ஐத் தாண்டாமலே உள்ளே வந்தார்கள் என்பதுதான் பொருள். மதிப்பெண் அனுப்புவது மாணவரின் விருப்பம் என்று விட்டுவிட்ட இடங்களிலோ, குறைவாகப் பெற்றவர்கள் அதை அனுப்பாமலே இருந்துவிடுவதால், அச்சிட்ட எண்கள் உள்ள நிலையைவிட உயர்ந்தே தோன்றும்.

இந்த விருப்ப முறையை மெய்ன் மாநிலத்துப் போடின் கலாசாலை 1969-இலேயே கைக்கொண்டது. 2020-இல் கொள்ளைநோய் பரவிப் பரீட்சை மண்டபங்கள் மூடப்பட்டபோது நூற்றுக்கணக்கான கலாசாலைகள் அதைப் பின்பற்றின. கலிபோர்னியா சர்வகலாசாலையோ இப்போது சேர்க்கைக்கு அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஆயினும் மறைப்பதே எப்போதும் விவேகம் என்று எண்ணிவிடலாகாது. 2024-இல் டார்ட்மத் கலாசாலை பரீட்சையை மீண்டும் கட்டாயமாக்கியதற்குச் சொன்ன காரணத்தை ஏழை வீட்டுப் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டும்: வசதி குன்றிய பள்ளிகளில் படித்த பலர், தங்களுக்குச் சாதகமாக அமைந்திருக்கக்கூடிய மதிப்பெண்ணைக் குறைவென்று கருதி அனுப்பாமல் விட்டிருந்தார்கள். அவரவர் படித்த பள்ளியின் நிலையோடு சேர்த்தே எண்ணை மதிப்பிடுவதுதான் நியாயம் என்பதே என் துணிபு. வகுப்பில் நான்காண்டு பெற்ற மதிப்பெண்களும், எடுத்துப் படித்த கடினமான பாடங்களும் சில மணி நேரப் பரீட்சையைவிட ஒரு மாணவரைப் பற்றி நிறையவே சொல்லும்.

இவை யாவும் கைகூடாவிடினும், எஸ்.ஏ.டி. எழுதாதவரையும் சேர்த்துக்கொள்ளும் சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் 1960-இல் வகுத்த கல்வித் திட்டம், இத்தகைய கல்லூரியில் இரண்டாண்டு நன்றாகப் படித்தவர் மூன்றாம் ஆண்டில் சர்வகலாசாலைக்கு மாறிச்செல்வதற்கு வழி செய்திருக்கிறது. அவ்வாறு மாற விரும்புவோர், எந்தப் பாடங்களைச் சர்வகலாசாலை ஏற்றுக்கொள்ளும் என்பதை முதற் பருவத்திலேயே கல்லூரி ஆலோசகரிடம் கேட்டு, அவற்றையே தேர்ந்துகொள்ள வேண்டும்.