யார் கட்டிய மென்பொருள்?

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை மாவட்டங்களின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்த கணினியில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம், டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கி, 2007-இல் முதலில் வெளியிட்ட இயங்குதளம் அது.

டெல்டாவோடு லினக்ஸுக்கு அதற்கு முந்தைய உறவும் உண்டு. 1999 முதல் 2001 வரை திருவாரூர் ஆட்சியராக இருந்த உமாசங்கர், அங்கே அரசு அலுவலக வேலைகளைக் கணினிக்குக் கொண்டுவந்தவர். பிறகு தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றபோது அதை லினக்ஸுக்கு மாற்றியவரும் அவரே.

லினக்ஸின் பெருமையாகச் சொல்லப்படுவது, அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்பது. ஆனால் கணினி மூலநிரலைப் படிப்பதில்லை. கம்பைலர் ஒவ்வொரு பைலையும் இயந்திரக் கட்டளைகளாக மாற்ற வேண்டும்; லிங்கர் அவற்றைக் கோத்து, ஓடக்கூடிய புரோகிராமாக்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் ‘பில்ட்’ என்று பெயர். பத்து பைல் என்றால் கையாலேயே முடித்துவிடலாம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் மட்டும் 3 கோடி வரிகளுக்கு மேல்!

1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுது முழுக்க ஒரு பிழையைத் தேடி அலைந்தார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டிருந்தார். திருத்திய பைலை மறுபடி கம்பைல் செய்ய மறந்ததுதான் சங்கதி. அவருடைய புலம்பலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவிதான் ‘மேக்’. எது எதைச் சார்ந்தது என்று ஒரு பைலில் எழுதிவைத்தால், மாறியவற்றையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டும் அது மறுபடி கட்டும். அந்தப் பைலில் கட்டளை வரிகள் ‘டேப்’ விசையில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி இன்றும் மாணவர்களைப் படுத்துகிறது. அது தப்பான முடிவு என்று ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டாராம்.

குறுவைக்கு நாற்றுவிட்டவர்களுக்கு மேக் போடும் கணக்கு எளிதில் பிடிபடும். நாற்றும் தயாராக வேண்டும், வயலும் சேற்றுழவு முடிந்து பரம்படித்திருக்க வேண்டும், பிறகுதான் நடவு. ஆனால் நாற்று வளர்கிற நாட்களில் உழவு காத்திருக்க வேண்டியதில்லை. அப்படியே, ஒன்றையொன்று சாராத பைல்களை எட்டு கோர் உள்ள கணினி எட்டெட்டாகக் கம்பைல் செய்யும். கடைசியில் வரும் லிங்கர் எல்லாவற்றுக்கும் காத்திருந்து, நினைவகத்தை வாரி விழுங்கும். மணிக்கணக்கில் ஓடிய பில்ட் பலருக்கும் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான்.

தஞ்சை மாவட்டத்துக் கிராமக் குடும்பத்தில் பிறந்த ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ‘உலா’ பிரவுசர், கூகுள் திறந்துவைத்த குரோமியம் மூலநிரலிலிருந்து கட்டப்பட்டது. குரோமியத்தைக் கட்ட 100 ஜிபி காலியிடமும், 16 ஜிபிக்கு மேல் நினைவகமும் இருப்பது நல்லது. பள்ளியில் கிடைத்த அந்த மடிக்கணினியில் நினைத்தே பார்க்க முடியாது. முப்பதாயிரம் பைல்களைத் தாண்டிய குரோமியத்தில் ஒரே ஒரு பைலைத் திருத்தினாலும், எதைக் கட்டுவது என்று முடிவு செய்யவே பழைய கருவிகளுக்குப் பத்து விநாடி பிடித்தது. அது பொறுக்காமல்தான் இவான் மார்ட்டின் ‘நிஞ்ஜா’ என்ற கருவியை எழுதினார். ஒரு விநாடிக்குள் அது வேலையைத் தொடங்கிவிட்டது.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நம்பிக்கை. மூலநிரலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாலும், பில்ட் நடக்கும்போது வேறு ஏதாவது நுழைந்தால் என்ன செய்வது? 2024 மார்ச்சில் அப்படி ஒன்றுதான் அம்பலமானது. பைல்களைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்ற மென்பொருளின் பொதுக் களஞ்சியத்தில் இல்லாத ஒரு துணுக்கு, வெளியீட்டுத் தொகுப்பின் பில்ட் கட்டளைகளில் ஒளிந்திருந்தது. கட்டும்போது அது உயிர்பெற்று, சர்வருக்குள் நுழையக் கள்ளவழி வைத்தது. டெபியனின் சோதனைப் பதிப்பு வரை வந்துவிட்டது. உள்நுழைவதற்கு அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவியவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர். அந்த அரை விநாடியை அவர் பொருட்படுத்தாமல் போயிருந்தால் உலகின் எத்தனையோ சர்வர்களுக்கு அந்தக் கள்ளவழி போய்ச் சேர்ந்திருக்கும்.

கட்டிய பைலை நம்பலாமா என்ற இந்தக் கேள்விக்கு விடையாக டெபியன் தன்னார்வலர்கள் 2013-இலேயே ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார்கள்: ஒரே மூலநிரலை வேறுவேறு இடங்களில் வேறுவேறு ஆட்கள் கட்டினாலும் கடைசி பிட் வரை ஒரே பைல் வர வேண்டும். சொல்ல எளிது. கட்டிய தேதி, நேரம், ஃபோல்டரின் பெயர், பைல்களை அடுக்கிய வரிசை என்று ஏதாவது ஒன்று பைலுக்குள் புகுந்து கணக்கைக் கெடுக்கும். ஒவ்வொரு மென்பொருளாக எடுத்து இவற்றைக் களைந்துவருகிறார்கள், எல்லாம் முடிந்தபாடில்லை.

இதில் சேரப் பெரிய சர்வர் தேவையில்லை. தஞ்சையில் ஒரு கல்லூரி ஆய்வகமே போதும். சிறிய டெபியன் தொகுப்பு ஒன்றின் மூலநிரலை இறக்கி, டெபியன் பயன்படுத்திய அதே கம்பைலர் பதிப்பைக் கொண்டு கட்டி, வரும் பைலின் ஹாஷ் எண்ணை (பைலின் விரல்ரேகை போன்றது) டெபியன் வெளியிட்டதோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் எந்த பைட்டில் வேறுபாடு என்று காட்ட ‘டிஃபோஸ்கோப்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. பெரும்பாலும் தேதிதான் மாட்டும்.